வத்தல் மிளகாய் எண்ணெய்: சொட்டுத் தண்ணீர் படாமல்

மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அவித்தால், காந்தாரி என்ற சின்ன மிளகாயும் உள்ளியும் (சின்ன வெங்காயம்) உப்பும் சேர்த்து நசுக்கி, மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றித் தொட்டுக்கொள்வது எங்கள் குமரி மாவட்டத்து வழக்கம். அது அன்றைக்கே தீர்ந்துவிடும். எடுத்து வைத்துச் சாப்பிட வேண்டுமானால் இந்த எண்ணெய்தான் சரி. இதற்குப் பச்சைக் காந்தாரி ஆகாது, காய்ந்த வத்தல்தான் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் 250 மில்லி, வத்தல் மிளகாய் 30 கிராம், கிராம்பு 4, பட்டை ஒரு துண்டு, உப்பு அரை டீஸ்பூன். கிராம்பு நம் மலையில் விளைந்ததே கிடைக்கும். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, வேறு தேட வேண்டாம்.

1. வத்தலைக் கழுவாதீர்கள். துணியால் துடைத்து, காம்பைக் கிள்ளி, ஒரு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கடையில் வாங்கும்போதே பாதி நமத்துத்தான் இருக்கும். ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கண்ணாடி பாட்டிலையும் கூடவே வெயிலில் வையுங்கள். முதல் தடவை நான் பாட்டிலைக் கழுவிய கையோடு ஊற்றினேன். பத்தே நாளில் பூஞ்சை பிடித்து, அத்தனையும் குப்பைக்குப் போனது.

2. வெறும் சட்டியில் இளந்தீயில் இரண்டு நிமிடம் வறுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டிலும் தும்முவார்கள். ஆறியதும் உப்போடு சேர்த்து ஒன்றிரண்டாக இடியுங்கள். மாவாக்கினால் சூட்டில் கருகிக் கசக்கும்.

3. எண்ணெயில் கிராம்பு, பட்டை போட்டு இளந்தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, இரண்டையும் எடுத்துவிட்டு அடுப்பை அணையுங்கள். எண்ணெயை உடனே மிளகாயில் ஊற்ற வேண்டாம். முதலில் ஒரே ஒரு விதையைப் போட்டுப் பாருங்கள். சட்டென்று கறுத்தால் சூடு அதிகம், கொஞ்சம் பொறுங்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழ் வந்து, விதை நிறம் மாறாமல் மிதந்தால் அதுதான் பக்குவம்.

4. இடித்த மிளகாயை ஈரமில்லாத பாத்திரத்தில் போட்டு, எண்ணெயை மூன்று தடவையாக ஊற்றிக் கிளறுங்கள். காரத்தைத் தரும் காப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஒரு நாள் மூடி வைத்தால் நிறமும் காரமும் முழுதாக இறங்கிவிடும். அப்புறம் பாட்டிலில் ஊற்றலாம்.

பூண்டு போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். ஈரமுள்ள பூண்டோ பச்சை மிளகாயோ எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடந்தால் காற்றுப் படாது. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்கு அந்த இடம் வசதி. வாசத்தையோ நிறத்தையோ வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பூண்டு வாசம் வேண்டுமென்றால் பரிமாறும்போது கொஞ்சம் நசுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சைக் காந்தாரியை வினிகரில் ஊறப்போடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பயப்பட வேண்டாம். காய்ந்த கரண்டியால் சுரண்டி எடுத்து ஆவி பறக்கும் கிழங்கின் மேல் வையுங்கள், தானே உருகி இறங்கும்.