ஈசிஜியில் சிக்காத படபடப்பு

மாங்கூழ் சீசன். கிருஷ்ணகிரியில் லோடு கணக்கு பார்க்கும் எனக்கு ராத்திரி இடது பக்கம் சாய்ந்து படுத்தால் போதும், நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது தொப்பென்று விழும்.

முதலில் வாயு என்று ஓமத் தண்ணீர். அப்புறம் ஈசிஜி, இரண்டு முறை. நார்மல். அது பதிவாவதே பத்து விநாடிதான். அதற்குள் துடிப்பு தவறினால்தானே தெரியும்? தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரி. வாட்சில் நாடியைப் பார்த்துப் பார்த்தே அது 110க்கு ஏறியதுதான் மிச்சம்.

தர்மபுரியில் இதய டாக்டர் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிவிட்டு, "எப்போ படபடக்குதுன்னு மணியோட எழுதிட்டு வாங்க" என்றார். அந்தச் சீட்டுதான் கைகொடுத்தது. லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியபோது ஒன்றுமில்லை. தவறியதெல்லாம் வேலை முடிந்து, ஏழாவது டீக்கு அப்புறம், படுக்கையில். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் நன்றாக இருந்ததால், எப்போதாவது முந்திவரும் இந்தத் துடிப்பால் எனக்கு ஆபத்தில்லை என்றார். மாத்திரை இல்லை. மாலை 4 மணிக்கு மேல் டீ கூடாது, 11 மணிக்குள் படுக்கை.

மூன்றாம் வாரம் அடங்கியது. அப்பாடா! மயக்கமோ, நடக்கும்போது நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் சீட்டு எழுதிக்கொண்டிராமல் உடனே ஓடிவரச் சொல்லியிருக்கிறார்.