சேற்றுப் பாதைக்கு எந்த கிளிப்லெஸ் பெடல்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்ற சின்ன உலோகத் துண்டு பெடலில் உள்ள ஸ்பிரிங் பூட்டில் மாட்டிக்கொள்ளும், அதுதான் கிளிப்லெஸ் பெடல். காய்ந்த தடத்தில் ஓட்டினால் எந்த கிளிப்லெஸ் பெடலும் நல்ல பெடல்தான். சேறு வந்ததும்தான் எது எப்படி என்று தெரியும். இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடி ஏறினால் ஷூ பெடலில் மாட்டாது, எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். மாட்டிய கால் கழற்ற வராமல் போவது அதைவிட மோசம், அது நேராகக் கீழே தள்ளிவிடும். அதனால் சேற்றுக்குப் பெடல் தேடும்போது எடை, நிறம், விளம்பரம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிளீட் உள்ளே இறங்கும்போது அங்கே இருக்கும் சேறு எந்த வழியாக வெளியே போகும்?

அதற்கு முன்னால், நீங்கள் ஓட்டுகிற இடத்தில் எந்த மாதிரி சேறு என்று யோசியுங்கள், ஏனென்றால் எல்லாச் சேறும் ஒரே தொல்லையைத் தருவதில்லை. களிமண் சேறு ஒட்டும், அடைக்கும், ஷூவின் அடியில் கட்டியாக இறுகிவிடும். தண்ணீரும் மணலும் கலந்த சேறு அப்படி அடைப்பதில்லை, வழிந்து போய்விடும், ஆனால் அந்த மணல் மெதுவாக பேரிங்குக்குள் புகுந்து அரைக்கும். முதல் வகைக்குத் திறந்த அமைப்புள்ள பெடல் வேண்டும், இரண்டாவதற்கு நல்ல சீலும் பிரித்துச் சரிசெய்யக்கூடிய பேரிங்கும் வேண்டும்.

களிமண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது கிராங்க்பிரதர்ஸ் எக்பீட்டர். அதில் பெடல் உடல் என்று சொல்லவே ஒன்றும் இல்லை, அச்சைச் சுற்றி வளைந்த கம்பிச் சிறகுகள் மட்டும்தான். நாலு பக்கமும் மாட்டலாம், சேறு தங்குவதற்குத் தட்டையான இடம் கிடையாது. அதே பூட்டுதான் அந்த நிறுவனத்தின் மற்ற பெடல்களான கேண்டியிலும் மாலட்டிலும் இருக்கிறது, ஆனால் சுற்றிலும் மேடை சேர்ந்துகொள்வதால் சேறு பிடித்துக்கொள்ளும் இடமும் கூடுகிறது. இதில் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கழலும் கோணத்தை, அதாவது குதிகாலை எவ்வளவு திருப்பினால் கால் விடுபடும் என்பதை மட்டும் 15 அல்லது 20 டிகிரி என்று மாற்றலாம், அதற்கு இடது வலது கிளீட்டை இடம் மாற்றிப் போட்டால் போதும்.

டைம் நிறுவனத்தின் ஏடிஏசி பூட்டு இதற்கு நெருங்கிய போட்டி. முன்னும் பின்னும் தடித்த உருண்டைக் கம்பிகள், நடுவே திறந்த வெளி. கிளீட் உள்ளே போகும்போது சேற்றை வழித்துக் கீழே தள்ளிவிடும். கால் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர இடம் இருப்பதால் முழங்காலுக்கும் இதமாக இருக்கும். வழக்கமான கிளீட்டில் கழலும் கோணம் 13 அல்லது 17 டிகிரி, இதிலும் பக்கம் மாற்றிப் போட்டால் மாறும். ஒட்டும் களிமண்ணில் அடிக்கடி ஓட்டுகிறவர் என்னிடம் கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன், நீடித்து உழைப்பதில் டைமுக்கு என் ஓட்டு. இரண்டிலும் பித்தளை கிளீட் என்பதால் கல்லில் நடந்தால் சீக்கிரம் தேயும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி பூட்டு. 1990இல் வந்தது, இன்றைக்கும் மலைப்பாதையில் அதிகம் பேர் வைத்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். களிமண்ணில் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. முன் கொக்கியின் அடியிலும் நடுவில் இருக்கும் உடல் மீதும் சேறு அடைந்துகொண்டால் கிளீட் முழுசாக இறங்காது. ஆனால் பழைய வடிவங்களைவிட இப்போதைய எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் மாடல்களில் திறந்த இடம் அதிகம், அது மட்டுமில்லாமல் பேரிங் விஷயத்தில் இதை மிஞ்சுவது கஷ்டம். எஃகு கிளீட் நெடுநாள் உழைக்கும். இறுக்கத்தை 3 மிமீ ஆலன் கீயால் மாற்றலாம். ஒரு பெடலுக்கு இரண்டு பக்கம், ஆக மொத்தம் நாலு திருகு, நாலையும் ஒரே அளவு கிளிக் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பக்கம் மாட்டியது என்பதைப் பொறுத்துக் கழலும் பலம் மாறிக்கொண்டே இருக்கும். சேற்றுக்குக் குறைந்த இறுக்கத்தில் தொடங்குங்கள். தண்ணீரும் மணலுமான சேறுதான் உங்களுக்கு என்றால் யோசிக்காமல் எஸ்பிடி வாங்கலாம்.

எஸ்பிடி கிளீட்டிலும் இரண்டு வகை இருக்கிறது. எஸ்ஹெச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் கழலும். எஸ்ஹெச்56 பல திசைகளிலும் கழலும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயம் குறையும், ஆனால் ஏற்றத்தில் பெடலை மேலே இழுத்து மிதிக்கும்போது எதிர்பாராமல் விட்டுவிடவும் செய்யும். எந்தப் பெடல் வாங்கினாலும் அதற்குரிய கிளீட்தான் பொருந்தும், எஸ்பிடி, டைம், கிராங்க்பிரதர்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது.

பூட்டைச் சுற்றிக் கூண்டு (கால் வைக்கும் சட்டம்) வைத்த அகலப் பெடலா, வெறும் பூட்டு மட்டுமா? களிமண் என்றால் கூண்டு வேண்டாம். ஈரப் பாறையும் செங்குத்து இறக்கமும் கலந்த தடம் என்றால் சின்னக் கூண்டு நல்லது, கால் மாட்டாவிட்டாலும் வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஷூவைத்தான். பெடல் எவ்வளவு திறந்த அமைப்பாக இருந்தாலும் ஷூவின் அடியில் கிளீட் ஆழமான குழிக்குள் புதைந்திருந்தால் அந்தக் குழி முழுக்கச் சேறு நிரம்பிவிடும், பிறகு எந்தப் பெடலும் உதவாது. கிளீட் இருக்கும் பள்ளம் முன்னும் பின்னும் திறந்திருக்கிறதா, ரப்பர்க் கட்டைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் கடையிலேயே ஷூவைக் கையில் பிடித்துப் பெடலில் அழுத்தி மாட்டிப் பாருங்கள். ரப்பர் பெடல் உடலில் லேசாகத் தொட்டால் நல்லது, அமுங்கி நெருக்கினால் சேற்றில் மாட்டவே மாட்டாது. அப்போது கிளீட்டுக்கு அடியில் மெல்லிய ஸ்பேசர் தகடு வைக்கலாம், அல்லது கூரான கத்தியால் ரப்பரைக் கொஞ்சம் சீவிவிடலாம். எக்பீட்டரின் சிறகுகள் கார்பன் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதால் அந்த ஷூவுக்குப் பாதுகாப்புத் தகடு கட்டாயம்.

பேரிங்கைச் சோதிக்கப் பெடலின் அச்சை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்று இருக்கக் கூடாது, பக்கவாட்டில் ஆடக் கூடாது. பிரிக்க முடியுமா, உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஷிமானோவின் பெரும்பாலான மாடல்களில் பழைய கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்து ஆட்டத்தைச் சரிசெய்யலாம், கிராங்க்பிரதர்ஸுக்குப் பாகங்கள் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பு கிடைக்கிறது. இவை இரண்டும் இல்லாத மலிவுப் பெடல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே சந்தேகம்.

மாட்டும்போது மரைகளில் கிரீஸ் தடவுங்கள், இடது பெடல் மறுபக்கமாகத் திருகும் என்பதை மறக்காதீர்கள். கிளீட் போல்ட்டை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் சரி. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு போல்ட் விழுந்துவிட்டால் நீங்கள் காலைத் திருப்பும்போது ஷூதான் திரும்பும், கிளீட் பூட்டுக்குள்ளேயே நிற்கும், ஷூவை விட்டுக் காலை உருவுவதைத் தவிர வேறு வழி இருக்காது. புது கிளீட் போட்ட முதல் ஓட்டம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஓட்டத்துக்கு முன் கிளீட்டிலும் பூட்டிலும் டிரை லூப் (பூசியதும் காய்ந்துவிடும் வகை மசகு) அல்லது சிலிகான் ஸ்பிரே அடித்துவிட்டால் சேறு வழுக்கி விழும். கெட்டி எண்ணெய் வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறும் முன் ஷூவின் அடிப்பக்கத்தைப் பெடல் ஓரத்தில் முன்பின்னாக ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், முதல் மிதியில் மாட்டாவிட்டால் காலை எடுத்து மறுபடி மிதியுங்கள், அப்படியே நின்று அமுக்கினால் சேறு இன்னும் இறுகும்.

வீடு திரும்பியதும் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பிரஷ்ஷால் தேயுங்கள். அழுத்தத் தண்ணீரை அச்சுப் பக்கம் காட்டவே கூடாது, சீலைத் தாண்டி மணலை உள்ளே தள்ளிவிடும். ஸ்பிரிங் சுழலும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மிச்சத்தைத் துடையுங்கள். கிளீட் போல்ட்டின் தலைக் குழியில் இறுகிய மண்ணை ஊசியால் நோண்டி எடுத்த பிறகுதான் ஆலன் கீயை வைக்க வேண்டும், இல்லையேல் தலை வழவழத்துப் போய் அடுத்த முறை கழற்றவே முடியாது. குதிகால் வழக்கத்தைவிட அதிகம் ஆடினாலோ, ஒரு நாள் சீக்கிரமும் ஒரு நாள் தாமதமாகவும் கழன்றாலோ கிளீட் தேய்ந்துவிட்டது. இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், பழையதைக் கழற்றும் முன் அதன் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டால் புதியதை அதே இடத்தில் பொருத்திவிடலாம்.