கடைசி இரண்டு தோட்டாக்களின் முரண்டு

ஒருவழியாகச் சரியாகிவிட்டது, அப்பாடா! ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் முயல் வேட்டைக்கு வைத்திருக்கும், போல்ட் என்ற அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இது. மழையில் நனைந்ததிலிருந்து, மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) முதல் தோட்டாக்கள் ஒழுங்காக மேலே ஏறும். கடைசி இரண்டு மட்டும் மேலே வராது.

தோட்டா வகையை மாற்றினேன். போல்ட்டைத் துடைத்து எண்ணெயிட்டேன். மேகசினின் வாய்விளிம்பு வளைந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். பலனில்லை.

கடைசித் தோட்டாக்கள்தான் துப்பு. அப்போது, தோட்டாக்களை அடியிலிருந்து மேலே தள்ளும் மேகசின் ஸ்பிரிங் பெரும்பாலும் விரிந்து, தள்ளும் வலு குறைந்திருக்கும். சிறு ஒட்டல் போதும், நின்றுவிடும். காலி மேகசினின் அடித்தகட்டைக் கழற்றினேன். ஈயக் குண்டுகளின் மேல்பூச்சு மெழுகும் துருவும் தூசியும் தேங்கிய நீரில் குழைந்து, உட்சுவரில் பசையாகப் படிந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

கரைப்பானில் நனைத்த துணியால் வழித்தெடுத்து, முழுக்க உலர்த்தினேன். நீர் வடிய, எஃகு அடித்தகட்டில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டேன். துளையின் உள்விளிம்பில் எழும் பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்; இல்லையென்றால் ஸ்பிரிங் அதில் மாட்டும். எண்ணெயை ஊற்றுவது வீண் வேலை, தூசியைத்தான் சேர்க்கும். எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல், துருவுக்கு அது போதும். இப்போது கடைசித் தோட்டா வரை தடையின்றி ஏறுகிறது.