ரத்தநாள டிமென்ஷியா: மூளை அழற்சியைக் குறைக்க வீட்டில் செய்ய வேண்டியவை

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கெட்டு நினைவும் சிந்தனையும் தேய்வதுதான் ரத்தநாள டிமென்ஷியா. உயர் ரத்த அழுத்தம் (பிபி), சர்க்கரை, புகை மூன்றும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தடிக்கவைத்துக் கசியவிடுகின்றன. கசிந்த ரத்தப்புரதத்தைக் கண்டு மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் கிளர்ந்தெழ, நரம்பிழைகளின் உறை அழிகிறது. இந்த அழற்சியை நேரடியாக அடக்கி ரத்தநாள டிமென்ஷியாவைக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் இன்றுவரை அங்கீகரிக்கப்படவில்லை. கசிவுக்குக் காரணமானதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். போன நினைவு பெரும்பாலும் திரும்பாது. இருப்பது தேய்வதை மெதுவாக்கலாம்.

முதலில் செய்யக்கூடாதது: அழற்சிக்கு என்று மருந்துக்கடையில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பது. இவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரினும் அப்படிப்பட்ட குறுக்குவழி அல்ல. ஆரோக்கியமான முதியவர்களுக்குத் தினம் 100 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரீ ஆய்வில் (2018) டிமென்ஷியா குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழம்பில் போடும் மஞ்சள் சரி. மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வேண்டாம். கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

பெரிய பலன் பிபியில்தான். மேல் அளவை 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140 இலக்கு வைத்தவர்களைவிட லேசான நினைவுக்குறைவு குறைவாக வந்தது, எம்.ஆர்.ஐ.-யில் நுண்குழாய்ச் சேதத்தைக் காட்டும் வெண்திட்டுகளும் மெதுவாக வளர்ந்தன. இது ஸ்பிரின்ட் மைன்ட் ஆய்வு (2019). ஒரு கொக்கி: சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே 120-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளாமல், உங்கள் வீட்டு நோயாளிக்கான இலக்கை நரம்பியல் மருத்துவரிடம் எண்ணாகவே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிபி அளக்கும் முறை தவறினால் மருந்தின் அளவும் தவறும். காபிக்கும் புகைக்கும் பிறகு அரை மணி நேரம் விடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். சட்டைக்கு மேல் பிபி கருவியின் பட்டையைக் கட்டாதீர்கள். சிறிய பட்டை பிபியைக் கூட்டிக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை, 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்: விழுந்துவிடும் ஆபத்து, மூளைக்கும் ரத்தம் குறையும்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான். நடக்க முடிந்தால் வாரம் 150 நிமிடம். சர்க்கரையை மிகவும் இறக்கப் பார்க்காதீர்கள், தாழ்சர்க்கரை மூளைக்கு இன்னும் கெடுதல். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை.

இரண்டே நாளில் குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தேடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அவகாசம் பொதுவாக நாலரை மணி நேரம்தான்; அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.