பிள்ளைகளோடு மலையடிவாரக் காட்டில் ஒரு பகல் நடை

திருநெல்வேலிப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. வனத்துறைச் சோதனைச் சாவடி உள்ள பாதைகள்தான் குடும்பத்துக்கு ஏற்றவை. முதன்முறை போகிறவர்கள் பாபநாசம் அகஸ்தியர் அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம். கால் தெம்பு இருந்தால் மேலே கல்யாண தீர்த்தம். திருக்குறுங்குடியிலிருந்து திருமலைநம்பி கோயிலுக்குப் போகும் ஜீப் பாதை ஏற்றம் என்பதால், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் நல்லது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கேயும், ஆடி அமாவாசையை ஒட்டி பாபநாசம் பக்கமும் போகாதீர்கள்; கூட்டத்தில் காட்டைப் பார்க்க முடியாது. வெள்ளம், காட்டுத்தீ, புலிக் கணக்கெடுப்பு என்று பாதையை மூடிவிடுவதும் உண்டு. முந்தின நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தை, மாசிதான் தோதான மாதங்கள்.

நாள் கெடுவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். பெரியவர்கள் மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கும் பாதையில் ஆறு வயதுப் பிள்ளை நின்று நின்று 2 கிலோமீட்டர் வந்தால் அதிகம். போக வர 6 கிலோமீட்டர் என்றால் நடைக்கே 3 மணி நேரம். சாப்பாடு, குளியல், வேடிக்கைக்கு இன்னொரு 2 மணி நேரம். காலை 8 மணிக்குக் கிளம்பினால், எங்கே இருந்தாலும் 12 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். நம் பக்கம் மலை மேற்கே இருப்பதால் சாயங்காலம் ஆகுமுன்பே வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். மரத்தடியில் சீக்கிரம் இருட்டும். கரடி நடமாடும் நேரமும் அதுதான். பெரும்பாலும் எதிர்பாராமல் ஆளைக் கண்டால்தான் அது பாயும். அதனால் வளைவுகளில் பேசிக்கொண்டே நடங்கள். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர். மெதுவாக நடக்கும் பிள்ளை முன்னவருக்கு அடுத்து வரட்டும்.

தண்ணீர் பெரியவருக்கு 2 லிட்டர், பிள்ளைக்கு 1 லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக்கைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, அல்லது பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் ஊசிப்போகும். கடலை மிட்டாயின் உறையை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போடுங்கள். உறை சரசரத்தால் குரங்கு வந்து நிற்கும்.

ஆற்றில் இறங்கினால் ஒரு பெரியவர் கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ செருப்பைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது இப்படி வந்த வெள்ளம்தான்.

முழுக்கால் பேன்ட், ஷூ கட்டாயம். அரிப்பெடுக்க வைக்கும் செந்தட்டிச் செடி பட்டால் தேய்க்கக் கூடாது. அதன் சுணை இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்துவிட்டுக் கழுவுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பாதையை விட்டு விலகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் காதுமடல், அக்குள், இடுப்பு மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.