பத்துப் பொருத்தமும் பார்த்தவர்கள் பார்க்க மறப்பது

ஜாதகம் பார்த்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகுதான் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல அந்தக் கேள்விக்கு வருகின்றன: பெண்ணை, அல்லது மாப்பிள்ளையை, எந்த அனுமதி அட்டையில் (பாஸ்) இங்கே அழைத்து வருவது? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வருங்காலத் துணைக்கென்று சிங்கப்பூரில் தனி விசா எதுவும் இல்லை. இங்கே இருப்பவர் குடிமகனா, நிரந்தரவாசியா, எந்த வேலை அட்டையில் இருக்கிறார் என்பதை வைத்தே வழி அமைகிறது.

ஒர்க் பெர்மிட்டில், அதாவது சாதாரணத் தொழிலாளர்களுக்கான வேலை அட்டையில், வேலை செய்பவர் இங்கே ஒரு குடிமகளையோ நிரந்தரவாசியையோ காதலித்தால், மனிதவள அமைச்சின் அனுமதி கிடைத்த பிறகே திருமணம் செய்ய வேண்டும். 'ஊரில் போய்க் கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்?' என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எப்போதும் இருப்பார்கள். எந்த நாட்டில் திருமணம் நடந்தாலும் விதி பொருந்தும். பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிவிட்ட முன்னாள் ஊழியருக்கும் பொருந்தும். மீறினால் பெர்மிட் ரத்தாகும், மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழையவும் தடை வரும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் ஊரில் மணந்த மனைவியைக் குடும்பத்தினருக்கான அனுமதி அட்டையில் இங்கே அழைத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. பெண் வீட்டாரிடம் இதை மறைத்துச் செய்யும் சம்பந்தங்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ், நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள், குடும்பத்தினருக்கான டிபென்டண்ட் பாஸ் மூலம் துணையை அழைக்கலாம். அதற்கு நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். ஓவர்டைமும் போனஸும் இந்தக் கணக்கில் சேராது. 5,600 வெள்ளிச் சம்பளத்தில் இருந்துகொண்டு, 'எல்லாம் சேர்த்தால் ஏழாயிரம் வரும்' என்று பெண் வீட்டில் சொல்வது ஊருக்குச் சரி, அமைச்சுக்குச் சரிப்படாது. விண்ணப்பிக்க வேண்டியது உங்கள் நிறுவனம் என்பதால், மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்கள் வேலை போனால் துணையின் அட்டையும் கூடவே போகும்.

துணையின் வேலை பற்றியும் பழைய தகவலே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் டிபென்டண்ட் பாஸில் வந்தவர் அமைச்சின் ஒப்புதல் கடிதம் ஒன்றை வாங்கி வேலைக்குப் போகலாம். 2021 மே மாதத்திலிருந்து அது இல்லை. வேலைக்குச் செல்ல அவருக்கென்று தனியாக ஒரு வேலை அட்டை வேண்டும், அதற்குரிய தகுதிகளும் வேண்டும். சென்னையில் நல்ல வேலையில் இருக்கும் பெண்ணிடம் 'வந்தவுடன் இங்கே ஒன்று பார்த்துக்கொள்ளலாம்' என்று வாக்குக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. அந்தச் சலுகை குடிமக்கள், நிரந்தரவாசிகளின் துணைகளுக்கு இன்னும் இருக்கிறது. நீண்டகால வருகை அட்டையில் வரும் அவர்கள் ஒப்புதல் கடிதத்துடன் வேலை செய்யலாம்.

குடிமக்கள் செய்யும் தவறு வேறு. 'நான் சிங்கப்பூரர், என் மனைவிக்குக் கொடுக்காமலா இருப்பார்கள்?' என்ற நம்பிக்கை அது. திருமணச் சான்றிதழ் மட்டும் நீண்டகால வருகை அட்டையைப் பெற்றுத் தந்துவிடாது. குடும்பத்தைத் தாங்கும் வருமானம் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் திருமணத்துக்கு முன்பே தகுதியை மதிப்பிட்டுக் கடிதம் தருகிறது. அந்தக் கடிதம் இருந்தால் திருமணத்துக்குப் பிந்தைய அட்டை விண்ணப்பம் ஏறத்தாழ ஆறு வாரத்தில் முடியும். இல்லாவிட்டால் ஆறு மாதம்வரை ஆகலாம். இதை ஏன் இவ்வளவு பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. காத்திருக்கும் நாட்களில் மனைவி சுற்றுலா விசாவில் வந்து, தங்கும் காலம் முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருக்க நேரும். அந்த விசாவில் சித்தப்பாவின் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து உதவுவதுகூட ஆபத்து.

இனி தாலி. இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, 1961 செப்டம்பர் 15 முதல் சிங்கப்பூரில் நடக்கும் திருமணம் மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டப்படி நடந்தால்தான் செல்லும். சிராங்கூன் சாலைக் கோயிலில் ஐந்நூறு பேர் முன்னிலையில் தாலி கட்டினாலும், உரிமம் பெற்ற பதிவு அதிகாரி நடத்திவைக்கவில்லை என்றால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் தனி ஆள். பதிவுக்கான அறிவிப்பையும் 21 நாட்களுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். முஸ்லிம்களுக்குத் திருமணப் பதிவகமும் சட்டமும் தனி.

தமிழ்நாட்டிலோ நிலைமை நேர்மாறு. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு முடிந்ததுமே திருமணம் முடிந்துவிட்டது. பதிவு செய்யவில்லை என்பதற்காக அது செல்லாததாகிவிடாது. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே ஐயர்கூடத் தேவையில்லை, உறவினர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். ஆக, ஊரில் தாலி கட்டிவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்து, பதிவகத்தில் 'இதுவரை திருமணம் ஆகவில்லை' என்று உறுதிமொழி கொடுப்பவர் பொய் சொல்கிறார். ஆல்பமே அவருக்கு எதிரான சாட்சி. ஊரில் கட்டினால் ஊரிலேயே பதிவு செய்யுங்கள், இங்கே மறுபடி பதிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. இரண்டு வார விடுப்பில் போகிறவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம். மணமக்கள் வெவ்வேறு மதத்தவர் என்றால் இரண்டு வாரம் போதாது. சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் அறிவிப்புக் கேட்கிறது, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்கவும் வேண்டும்.

சான்றிதழில் பெயரைப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், திருமணப் பதிவில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. பதிவு அலுவலகத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லிவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு பெயரளவுக்குக் கல்யாணம் செய்து அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை அண்டவே வேண்டாம். குடிநுழைவுச் சட்டப்படி 10 ஆண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுக்கு மணமாகிப் போகிறவர்களுக்கும் இதே தாலிச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அமெரிக்கக் குடிமகன் தன் வருங்கால மனைவியை அழைக்கும் கே-1 விசா, இன்னும் மணமாகாதவர்களுக்கு மட்டும். நாட்டுக்குள் நுழைந்த 90 நாட்களுக்குள் அவரையே மணக்க வேண்டும். பாட்டியின் ஆசைக்காக நாகப்பட்டினத்தில் அவசரமாக ஒரு தாலியைக் கட்டிவிட்டால் அந்த விசாவுக்கு வழியில்லை, வாழ்க்கைத் துணைக்கான குடியேற்ற விசாவுக்குப் புதிதாக மனுப் போட வேண்டும். பிரிட்டனில் குழப்பம் இரண்டு விசாக்களுக்கு இடையே. திருமணத்துக்கான வருகை விசாவில் போனால் கல்யாணம் செய்துகொள்ளலாம், அங்கேயே தங்க முடியாது. தங்க நினைப்பவர் ஆறு மாத வருங்காலத் துணை விசாவில் போய், மணம் முடித்து, அங்கிருந்தே அடுத்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதுவரை வேலை செய்ய அனுமதி இல்லை. இப்படி நிச்சயமானவராகப் போகிறவர்கள் நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொண்டு, தாலியைப் பெட்டியில் எடுத்துச் செல்லட்டும்.