கொல்லையில் ஓடியது எந்த எலி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசி மாதம் ஓர் இரவு. கிணற்றடியில் வைத்திருந்த எலிக்கூண்டு படாரென்று மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால், சாம்பல் நிறத்தில் ஒன்று கீச்சுகீச்சென்று கத்தியபடி மூலைக்கு மூலை முட்டிக்கொண்டிருந்தது. "எலி விழுந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே, கூண்டை அமுக்க வாளியில் தண்ணீர் பிடித்தேன். பின்னாலேயே வந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இது மூஞ்சூறும்மா. நாத்தம் தெரியலையா உனக்கு? கரப்பான்பூச்சியைத் தின்னுட்டுப் போறதைப் போய்க் கொல்றியே!"

எனக்கு அன்றைக்கு ஜலதோஷம். நாற்றமும் தெரியவில்லை, மூஞ்சூறுக்கும் எலிக்கும் உள்ள வித்தியாசமும் தெரியவில்லை. மாமியாரிடம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் கொல்லையில் திரிபவை என்னென்ன என்று ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். வேலிக்கு அந்தப் புறம் வயல். சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்தவையெல்லாம் வீடு தேடி வரும். ஆகவே பாடம் படிக்கப் பஞ்சமில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அளவையும் நிறத்தையும் வைத்துப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். சின்னதாக இருந்தால் சுண்டெலி, பெரிதாக இருந்தால் பெருச்சாளி. இரண்டுமே ஏமாற்றும். டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் நிறம்தான். நான் பார்க்கிற வரிசையைக் கீழே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

ஒரு டார்ச், போன் கேமரா, கையுறை, தீப்பெட்டி, பழைய தட்டு, சலித்த அடுப்புச் சாம்பல். இவ்வளவு போதும். தீப்பெட்டி அளவு பார்க்க. அது ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் இருக்கும். புழுக்கையோ வளையோ எதைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் அதை வைத்து எடுங்கள்.

செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி எலியின் சிறுநீர் வழியாக ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கலந்திருக்கும். கையில் கீறலோ காலில் பித்தவெடிப்போ இருந்தால் அதற்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. செருப்போடு போங்கள். காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் பெருக்கித் தூசி கிளப்ப வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

படி 1: முதலில் மூஞ்சியைப் பாருங்கள்

இது எலிதானா என்பதே முதல் கேள்வி. மூஞ்சூறு எலி வகையே கிடையாது. பூச்சி தின்னும் வேறு குடும்பம். எலியின் வாய் முன்னால், மேலும் கீழும் உளிபோல ஒரு ஜோடிப் பல் இருக்கும். வளர்ந்த எலியில் அவை மஞ்சளோ ஆரஞ்சோ பூத்திருக்கும். அந்த உளிப்பல் மூஞ்சூறுக்கு இல்லை.

பல்லைப் பார்க்கும் அளவுக்கு அது நமக்காக நிற்காது, சரி. மூக்கைப் பாருங்கள். கீழுதட்டைத் தாண்டி முன்னால் நீண்டு, கூம்பாகப் போய், நுனி சதா துடித்துக்கொண்டே இருக்கும். கண் கடுகு மாதிரி. பார்வை மந்தம் என்பதால் சுவரை விட்டு விலகாமல், சுவரோரமாகவே மோந்து மோந்து ஓடும். வால் அடியில் தடித்து, நுனியில் மெலியும். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட முடி நிற்கும். அப்புறம் அந்த நாற்றம். விலாவில் உள்ள சுரப்பிதான் அதற்குக் காரணம். பூனை மூஞ்சூறைக் கொன்றாலும் பெரும்பாலும் தின்னாமல் விட்டுப் போவது அதனால்தான். காலையில் முழுசாக ஒரு "எலி" வாசலில் கிடந்தால் முதலில் மூஞ்சூறு என்றே சந்தேகப்படுங்கள்.

ஒருமுறை மாலை மங்கிய நேரத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கயிறு ஒன்று தானாக நகர்வதைப் பார்த்து, பாம்பு என்று நினைத்து இரண்டடி பின்வாங்கிவிட்டேன். உற்றுப் பார்த்தால் தாய் மூஞ்சூறு முன்னால் போகிறது. ஒரு குட்டி தாயின் வாலடியைக் கவ்வியிருக்கிறது. அந்தக் குட்டியின் வாலடியை அடுத்தது. அதை இன்னொன்று. ரயில் பெட்டி கோத்த மாதிரி நான்கும் வளைந்து வளைந்து சாக்கடை ஓரமாகப் போய்விட்டன. எலிக்குட்டிகள் இப்படிப் போகாது. இதைக் கண்டால் வேறு அடையாளமே தேட வேண்டாம்.

பெயரில் எலி இருந்து எலி அல்லாத இன்னொன்று முள்ளெலி. நம் பக்கத்து முள்ளெலி வகை தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளில் மட்டும் உள்ளது. தொட்டால் முட்பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதை விட்டுவிடுங்கள், பாவம்.

படி 2: வாலை உடம்போடு ஒப்பிடுங்கள்

எலிதான் என்று உறுதியானதும் வாலுக்கு வாருங்கள். வாலை முதுகின் மேல் முன்பக்கமாக மடக்கினால் எதுவரை வரும் என்று மனதுக்குள் அளக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால் சுலபம்.

வால் மூக்கைத் தாண்டிப் போகும், காது பெரியது, உடம்பு ஒல்லி என்றால் அது வீட்டு எலி. மரம், ஓடு, கேபிள் கம்பி எல்லாவற்றிலும் ஏறும். தென்னை மட்டைகளுக்கு நடுவே குடியிருப்பதும் இதுவே.

வால் உடம்பைவிடக் குட்டை, முகம் மழுங்கி, ஆள் கட்டையாக இருந்தால் கரம்பை எலி. வயல் வரப்பை ஓட்டை போடுகிறவர் இவர்தான். இதே சாயலில், ஆனால் மிகப் பெரிதாக, முதுகில் கறுத்த நீளமான முரட்டு முடியோடு, வால் உடம்பின் நீளத்தை நெருங்கி இருந்தால் பெருச்சாளி. முழுதாக வளர்ந்தது ஒரு கிலோ வரைகூடத் தேறும். மூலையில் மடக்கினால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். ஆங்கிலத்தில் இதற்குள்ள பாண்டிகூட் என்ற பெயர் தெலுங்கின் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, என்பதிலிருந்து போனது. அந்த உறுமலைக் கேட்டவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் புரியும்.

வாலின் நுனியில் கறுப்புக் குஞ்சம், அடிவயிறு பளிச்சென்று வெள்ளை, பெரிய கண், நீண்ட பின்னங்கால் என்றால் வெள்ளெலி. எங்கள் களிமண்ணில் நான் பார்த்ததில்லை. புதுக்கோட்டைப் பக்கம் அக்கா வீட்டுச் செம்மண் தரையில், டார்ச் அடித்ததும் தத்தித் தத்தி ஓடியதைப் பார்த்தேன். இருப்பதில் அழகானது அதுதான் என்பது என் கட்சி.

சுண்டெலி நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பு 7 முதல் 9 செ.மீ., வாலும் ஏறக்குறைய அவ்வளவே. வயலில் இருக்கும் வயல் சுண்டெலி இன்னும் சிறியது, வயிறு வெளுத்திருக்கும்.

படி 3: குட்டியா, வளர்ந்ததா?

நான் அதிகம் ஏமாந்த இடம் இது. பெருச்சாளிக் குட்டியைப் பார்த்துச் சுண்டெலி என்று இரண்டு வாரம் சாதித்திருக்கிறேன். அண்ணன் மகன் வந்து, "அத்தை, சுண்டெலிக்கு ஏன் இவ்ளோ பெரிய காலு?" என்று கேட்டான். விடை அதிலேயே இருக்கிறது. குட்டிக்குத் தலையும் பின்பாதமும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும், அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி. வளர்ந்த சுண்டெலிக்குத் தலை சிறியது, பாதமும் மெல்லியது.

படி 4: வளையைப் படியுங்கள்

எலியைப் பார்க்கவே முடியாவிட்டாலும் வளை ஓடிப்போகாது. எங்கள் பக்கத்தில் மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் உண்டு. விழுகிற எலிக்கு இவ்வளவு என்று கூலி. அப்படி வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எலி ஒன்றையும் பார்க்காமலே கணக்குச் சொன்னார். வாழைக்கட்டைப் பக்கத்தில் பொலபொலவென்று புது மண் குவிந்து, வாயே தெரியாமல் மூடிக் கிடந்த இடத்தைக் காலால் காட்டி, "மண்ணு ஈரமா மூடியிருக்கு பாருங்க. ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்றார். கரம்பை எலி உள்ளிருந்தே வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வயலானால் உள்ளே நெற்கதிர்களைச் சேர்த்தும் வைக்கும்.

மதில் அடியிலோ சாக்கடை ஓரத்திலோ, தேங்காய் மூடி நுழையும் அளவுக்கு வாய் திறந்து, வெளியே கூடைக்கணக்கில் மண் தள்ளியிருந்தால் பெருச்சாளி. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்ன ஓட்டை, வாயில் கொஞ்சமே மண் என்றால் சுண்டெலி.

எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று தெரிய ஒரு சோதனை உண்டு. சாயங்காலம் எல்லா வாயையும் மண் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பது குடியிருக்கிற வளை. கையையோ குச்சியையோ விடாதீர்கள். காலியான எலி வளையில் நல்ல பாம்பும் சாரையும் தங்குவது சாதாரணம்.

படி 5: புழுக்கை

சீரகம் அளவு, இரு முனையும் கூர் என்றால் சுண்டெலி. நெல்மணியைவிடப் பெரிதாக, ஒரு செ.மீ. தாண்டி, கதிர்போல நுனி மெலிந்திருந்தால் வீட்டு எலி. பேரீச்சங்கொட்டை அளவை எட்டினால் பெருச்சாளி. குச்சியால் கிளறும்போது பூச்சி ஓட்டின் துணுக்குகளாக உதிர்ந்து, நாறவும் செய்தால் மூஞ்சூறு.

படி 6: எதை, எங்கே கடித்திருக்கிறது?

தென்னையடியில் இளங்குரும்பை விழுந்து கிடக்கிறதா? காம்புப் பக்கம் ஓட்டை இருந்தால் மேலே வீட்டு எலி குடியிருக்கிறது. சர்க்கரைவள்ளியோ சேம்போ செடி மேலே நன்றாக இருந்து, கிழங்கு மட்டும் அடியிலிருந்தே காலியாகியிருந்தால் பெருச்சாளியைத் தேடுங்கள். கொய்யாவில் பாதி போயிருந்தால் அவசரப்பட வேண்டாம். பட்டப்பகலில் போனது என்றால் அணில். ராத்திரியில் போய், கீழே சாறு உறிஞ்சிய சக்கை கிடந்தால் வௌவால். எலி தின்ற பழத்தில் உளிப்பல் இழுத்த இணைக்கோடுகள் ஜோடி ஜோடியாகத் தெரியும்.

படி 7: சாம்பல் தட்டு

இவ்வளவுக்கும் பிடிகொடுக்காத ஆளுக்கு இதுதான் கடைசி வழி. தட்டில் சலித்த சாம்பலை மெல்லிசாகப் பரப்பி, சுவரோரம் ஓடுகிற தடத்தில் வையுங்கள். கல் மாவுக் கோலப்பொடியும் ஆகும். அரிசி மாவு வேண்டாம், நான் வைத்துப் பார்த்தேன். விடிவதற்குள் எறும்பு வந்து மாவையும் தடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

காலையில் வெயில் சாய்வாக விழும்போது தட்டைப் பாருங்கள். எலி, பெருச்சாளி, சுண்டெலி எல்லாவற்றுக்கும் முன்காலில் நான்கு விரல் பதியும், பின்காலில் ஐந்து. மூஞ்சூறுக்கு முன்னும் ஐந்து, பின்னும் ஐந்து. பின்பாதம் முழுசாகப் பதிந்திருந்தால் தீப்பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். தீப்பெட்டி நீளத்தை ஒட்டி வந்தால் பெருச்சாளி. அதில் முக்கால்வாசி என்றால் வீட்டு எலியோ கரம்பை எலியோ. பாதிக்கும் கீழே போனால் சுண்டெலியோ மூஞ்சூறோதான், அப்போது முன்கால் விரலை எண்ண வேண்டும். பின்பாதத்தின் முன்பாதி மட்டும் பதிவதும் உண்டு. அதனால் ஒரு தடத்தை நம்பாமல் நான்கைந்தை அளந்து பாருங்கள்.

போன வாரம் எங்கள் தட்டில் ஒரு ஓரமாக ஐந்தைந்து விரலாக வரிசையாய்ப் போயிருந்தது. அதே தட்டின் நடுவில் நான்கு விரல் தடம் ஒன்று குறுக்கே பாய்ந்து, வாழைப்பக்கம் இறங்கியிருந்தது. கூண்டைச் சுவரோரத்திலிருந்து எடுத்து வாழையடியில் வைத்தேன். தட்டைக் கழுவ எடுத்தபோது அத்தை வந்து, "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று வாங்கி மறுபடியும் அங்கேயே வைத்துவிட்டார்.